ஆண்டுக்கொரு நடன வீடியோ கேம்: புதிதாகக் கிடைப்பது என்ன, கைவிட்டுப் போவது என்ன?

ஆண்டு இறுதிப் பண்டிகைக் காலத்தை ஒட்டி, ‘ஜஸ்ட் டான்ஸ்’ நடன வீடியோ கேமின் புதிய பதிப்பு தவறாமல் விற்பனைக்கு வருகிறது. பிரான்சைச் சேர்ந்த யூபிசாஃப்ட் நிறுவனம் 2009 நவம்பரில் தொடங்கிய இந்த வரிசை, 8 கோடிக்கும் அதிகமான பிரதிகள் விற்றுள்ளதாக அந்நிறுவனம் தெரிவித்துள்ளது. மகாராஷ்டிர மாநிலம் புனேயில் உள்ள அதன் கூடமும் இவ்விளையாட்டின் உருவாக்கத்தில் பங்கேற்றுள்ளது.

ஆடும் முறை ஏறத்தாழ மாறாமலேயே இருக்கும் ஒரு விளையாட்டை மக்கள் ஆண்டுதோறும் ஏன் வாங்குகின்றனர்? வாங்கியது எவ்வளவு காலம் அவர்களிடம் இருக்கும்?

ஆடும் முறை

திரையில் ஒரு நடனக் கலைஞர் பாடலுக்கு ஏற்ப ஆடுவார். கண்ணாடியில் பார்ப்பதைப் போல, எதிரே நிற்பவர் அதே அசைவுகளைப் பின்பற்ற வேண்டும். உண்மையான கலைஞர்களை ஆடவைத்துப் படம்பிடித்து, பின்னர் அவர்களது உருவத்திற்கும் பின்னணிக்கும் வண்ணம் சேர்க்கப்படுகிறது. அடுத்து வரவிருக்கும் அசைவைத் திரையின் ஓரத்தில் தோன்றும் சிறு படங்கள் முன்கூட்டியே உணர்த்தும். கையில் பிடித்திருக்கும் கருவி அசைவின் வேகத்தையும் திசையையும் அளந்து புள்ளிகள் வழங்கும். ஒரு பாடலுக்கு அதிகபட்சப் புள்ளிகள் 13,333.

முதல் பதிப்பு நிண்டெண்டோ நிறுவனத்தின் ‘வீ’ கன்சோலுக்காக வெளியானது. விமர்சகர்கள் அதை எளிமையானது எனக் குறை கூறியபோதும், பிரிட்டனில் விற்பனைப் பட்டியலின் முதலிடத்தை அது பிடித்தது. அந்த எளிமையே அதன் வெற்றிக்குக் காரணமாக அமைந்தது எனலாம். பொத்தான்களை மனப்பாடம் செய்யத் தேவையில்லை. தோற்றாலும் விளையாட்டு பாதியில் நிற்காது. சிறுவர்களும் தாத்தா, பாட்டிகளும் ஒரே அறையில் சேர்ந்து ஆடலாம்.

ஏன் ஆண்டுதோறும்?

புதிய பதிப்பில் வாங்குபவருக்குக் கிடைப்பது முதன்மையாகப் பாடல்களே. ஒரு பதிப்பில் சுமார் 40 பாடல்கள் இடம்பெறுகின்றன. அவ்வாண்டு வானொலியிலும் சமூக ஊடகங்களிலும் ஒலித்த பாடல்களுடன் பழைய பாடல்கள் சிலவும் சேர்க்கப்படுகின்றன. திரையிசையைப் போலவே பாப் இசையிலும் ரசனை விரைவாக மாறுவதால், கடந்த ஆண்டின் பட்டியல் இளையோருக்குப் பழையதாகத் தோன்றிவிடுகிறது. ஆண்டு வெளியீட்டு முறை இந்த மாற்றத்தையே நம்பி நிற்கிறது.

வீட்டிற்குள்ளேயே உடலுக்கு அசைவு கிடைப்பது மற்றொரு ஈர்ப்பு. பெரியவர்கள் வாரத்திற்குக் குறைந்தது 150 நிமிடங்களும், சிறுவர்கள் நாளொன்றுக்குச் சராசரியாக 60 நிமிடங்களும் உடலுழைப்பில் ஈடுபட வேண்டும் என உலக சுகாதார அமைப்பு பரிந்துரைக்கிறது. முழு ஈடுபாட்டுடன் ஆடப்படும் சில பாடல்கள் அதற்கு ஓரளவு துணைபுரியும்.

எனினும், முழு உடலும் ஆடியதா என்பதைக் கைக்கருவியால் அறிய இயலாது. அது அளப்பது ஒரு கையின் அசைவை மட்டுமே. நாற்காலியில் அமர்ந்தபடி கையை மட்டும் சரியாக அசைப்பவரும் நல்ல புள்ளிகள் பெற முடியும். மைக்ரோசாஃப்டின் ‘கினெக்ட்’ கேமரா முழு உடலையும் கண்காணிக்க வழிசெய்தது; அதன் உற்பத்தி 2017-இல் நிறுத்தப்பட்டது.

டிஸ்கிலிருந்து சந்தாவுக்கு

தொடக்கப் பதிப்புகள் டிஸ்க் வடிவில் விற்கப்பட்டன. அவற்றை நண்பருக்கு இரவல் தரலாம், பயன்படுத்தியபின் விற்கலாம், இணையம் இல்லாமலும் ஆடலாம். 2006-இல் அறிமுகமான ‘வீ’ கன்சோலுக்கு 2019 நவம்பரில்கூட ‘ஜஸ்ட் டான்ஸ் 2020’ வெளியிடப்பட்டது. பழைய கருவியை வைத்திருந்த குடும்பங்கள் அதுவரை கைவிடப்படவில்லை.

மாதச் சந்தா செலுத்தி நூற்றுக்கணக்கான பாடல்களுக்கு ஆடும் வசதி 2015-இல் வந்தது. 2022 நவம்பரில் வெளியான 2023 பதிப்பில் மாற்றம் முழுமை பெற்றது. பிளேஸ்டேஷன் 5, எக்ஸ்பாக்ஸ் சீரிஸ், நிண்டெண்டோ ஸ்விட்ச் ஆகியவற்றுக்கு மட்டுமே அது வெளியானது. கடையில் வாங்கிய பெட்டிக்குள் டிஸ்க் இல்லை. பதிவிறக்கத்திற்கான குறியீடு மட்டுமே இருந்தது. ஒருமுறை பயன்படுத்திய குறியீட்டை இரவல் தரவோ விற்கவோ இயலாது. பிளேஸ்டேஷன், எக்ஸ்பாக்ஸ் கன்சோல்களில் ஆடுபவரின் கைப்பேசியே கைக்கருவியாகச் செயல்படுகிறது.

இதனால் நன்மையும் உண்டு. அடுத்தடுத்த ஆண்டுப் பதிப்புகளின் பாடல்கள் அதே செயலியில் சேர்வதால், கன்சோலில் டிஸ்கை மாற்றிக்கொண்டிருக்க வேண்டியதில்லை. ஆனால், பழைய பதிப்புகளை வாங்கியவர்களின் பாடல்கள் புதிய தளத்திற்குத் தாமாக இடம்பெயரவில்லை. அவற்றுக்கு ஆட விரும்புவோர் பழைய கன்சோலைப் பாதுகாக்க வேண்டும். அல்லது அப்பாடல்கள் சந்தாப் பட்டியலில் உள்ளனவா எனப் பார்க்க வேண்டும்.

அந்தப் பட்டியலும் நிலையானதன்று. ஒவ்வொரு பாடலுக்கும் இசை உரிமையாளரிடமிருந்து குறிப்பிட்ட காலத்திற்கு உரிமம் பெறப்படுகிறது. அது முடிவடைந்து புதுப்பிக்கப்படாவிட்டால், சந்தா செலுத்துபவரின் பட்டியலிலிருந்தும் பாடல் நீங்கிவிடும். டிஸ்கில் பதிவான பாடலுக்கு அந்நிலை நேர்வதில்லை.

முன்னுதாரணம்

இசை விளையாட்டுகளில் மிகை வெளியீடு ஆபத்தானது என்பதற்குச் சான்று உண்டு. 2005-இல் தொடங்கிப் பெரும் புகழ்பெற்ற ‘கிட்டார் ஹீரோ’, ஒரே ஆண்டில் பல பதிப்புகளை வெளியிடும் நிலைக்குச் சென்றது. விற்பனை சரிந்ததால், ஆக்டிவிஷன் நிறுவனம் 2011 பிப்ரவரியில் அப்பிரிவையே மூடியது. விலையுயர்ந்த கிட்டார் வடிவக் கருவி அதற்குத் தேவைப்பட்டது. கன்சோலின் சொந்தக் கைக்கருவியோ கைப்பேசியோ போதுமென்பதால், ‘ஜஸ்ட் டான்ஸ்’ அந்தச் சுமையின்றித் தொடர்கிறது.

வாங்குமுன் கவனிக்க வேண்டியவை

புதிய பட்டியலில் குடும்பத்தினர் உண்மையில் ஆடக்கூடிய பாடல்கள் எத்தனை என எண்ணிப் பார்ப்பது முதல் படி. பத்துக்கும் குறைவெனில், முழுப் பதிப்பைவிட ஒரு மாதச் சந்தா சிக்கனமாக இருக்கலாம். பெட்டியில் இருப்பது டிஸ்கா, குறியீடா என்பதையும், வீட்டின் இணைய இணைப்பு தடையற்றதா என்பதையும் சரிபார்க்க வேண்டும். ஏற்கெனவே டிஸ்க் பதிப்பு வைத்திருப்போர், அதையும் அதற்குரிய கன்சோலையும் விற்றுவிடாமல் பாதுகாப்பது நல்லது. அதிலுள்ள பாடல்கள் புதிய தளத்தில் தொடர்ந்து கிடைக்கும் என்பதற்கு உறுதியில்லை.