துடுப்புக்கு முன் கழி

ஏற்காடு அடிவாரத்தில் பேருந்தை விட்டு இறங்கி, “இங்கே படகு விட எங்கே போகணும்?” என்று கேட்டால் எல்லோரும் மலையைத்தான் காட்டுவார்கள். 20 கொண்டை ஊசி வளைவுகளைத் தாண்டினால் ஏற்காடு ஏரியில் மிதிபடகு இருக்கிறது. ஆனால் அங்கே நீங்கள் பயணி. தண்ணீரைப் பார்த்து முடிவெடுக்கிற வேலை உங்களுக்கு இல்லை. கீழே ஆறு இல்லாமல் இல்லை. திருமணிமுத்தாறும் சரபங்காவும் சேர்வராயன் மலையில் பிறந்தவைதான். பெயரில் மணியும் முத்தும் இருந்து என்ன, சேலத்தைக் கடந்து வெளியே வரும்போது திருமணிமுத்தாற்றின் நிறத்தைப் பார்த்தால் துடுப்பை நனைக்க மனம் வராது. சரபங்காவோ மழை விட்டதும் மெலிந்துவிடும். அதனால் துடுப்புப் பிடிக்க ஆசைப்படுபவருக்கு மிஞ்சுவது, மலைத்தண்ணீர் வந்து நிற்கும் கன்னங்குறிச்சி மூக்கனேரி.

58 ஏக்கர் ஏரி. 2010-ல் சேலம் மக்கள் குழுவினர் தூர்வாரியபோது, அள்ளிய வண்டலை வெளியே கொண்டுபோகாமல் ஏரிக்குள்ளேயே திட்டுத்திட்டாகக் குவித்து மரம் நட்டார்கள். இன்று அந்தத் திட்டுகள் பறவைகளின் வீடு. இங்கே பரிசல் போட நினைத்தால் முதலில் ஏரிக்குப் பொறுப்பான அலுவலகத்தில் கேட்டுக்கொள்ளுங்கள். மீன் பிடிப்பவர்களிடமும் ஒரு வார்த்தை. அதன் பிறகு வருவதுதான் உண்மையான வேலை.

அந்த வேலை ஏரியில் தொடங்குவதில்லை, மலையில் தொடங்குகிறது. முந்தின நாள் சாயங்காலம் அடிவாரத்தில் நின்று மேலே பாருங்கள். மலை முகடு மேகத்துக்குள் போயிருந்தால், கீழே வெயில் அடித்தாலும் நம்ப வேண்டாம். ஏற்காட்டிலிருந்து இறங்கி வருகிறவர்களிடம் கிளியூர் அருவியில் தண்ணீர் எப்படி என்று விசாரியுங்கள். அந்தத் தண்ணீர் நம் ஏரிக்கு வருகிறதா என்பது கேள்வியல்ல. மேலே எவ்வளவு பெய்திருக்கிறது என்பதற்கு அது ஒரு சாட்சி. பெருமழை பெய்த மறுநாள் ஏரிக்குள் இறங்குவதில்லை என்பது என் வழக்கம். ஓடை அடித்துக்கொண்டு வரும் முள்ளும் கட்டையும் ஓரிடத்தில் ஒதுங்க இரண்டு நாளாவது ஆகும்.

காலை ஆறு மணிக்குக் கரையில் இருக்க வேண்டும். முதலில் பார்க்க வேண்டியது, உபரிநீர் வெளியேறும் கலங்கல். தண்ணீர் வழிகிறது என்றால் அந்தப் பக்கமே பரிசலைக் கொண்டுபோகக் கூடாது. வழிகிற நீர் மேலே சாதுவாகத் தெரியும், கிட்டே போனால் இழுக்கும். ஒகேனக்கல்லில் இந்தக் கவலையை வேறு யாராவது பட்டுக்கொள்வார்கள். பிலிகுண்டுலுவில் காவிரியின் வரத்தை அளக்கிறார்கள், வரத்து ஏறினால் மாவட்ட நிர்வாகம் பரிசலை நிறுத்திவிடும். இங்கே எனக்காக யார் அளக்கப் போகிறார்கள்? கரையோரப் பாறை ஒன்றில் சுண்ணாம்புக்கோடு போட்டு வைத்திருக்கிறேன். கோடு மூழ்கியிருக்கிறதா, எத்தனை விரல் என்று பார்த்து நோட்டில் எழுதிக்கொள்வேன்.

அடுத்தது காற்று. பரிசலுக்கு முன்பக்கம், பின்பக்கம் கிடையாது; அடியும் தட்டை. லேசான காற்றே அதைச் சுற்றிவிடும். நேற்றைய காற்று எப்படி அடித்தது என்பதை ஆகாயத்தாமரை சொல்லும். அது எந்தக் கரையில் போய் ஒண்டியிருக்கிறதோ, உங்களையும் காற்று அங்கேதான் கொண்டுபோகும். ஒரு முறை இதைக் கவனிக்காமல், பதினோரு மணி வரை உள்ளேயே சுற்றிவிட்டு, ஆகாயத்தாமரைப் பத்தைக்குள் மாட்டிக்கொண்டேன். துடுப்பை வீசினால் வேர்க்கொத்துதான் ஏறி வருகிறது; ஒவ்வொன்றும் ஈரத் துடைப்பம் போல. வலை எடுக்க வந்தவர் தன் பரிசலோடு என் பரிசலைக் கட்டி இழுத்து வந்தார். “காத்து கெளம்பிருச்சுன்னா பரிசலு நம்ம பேச்சக் கேக்காதுங்ணா” என்றார். திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. அன்றிலிருந்து ஒன்பது மணிக்குக் கரையேறிவிடுகிறேன்.

ஆழம் பார்ப்பதுதான் எனக்குப் பிடித்த பகுதி. நல்ல முற்றிய மூங்கில் கழி ஒன்று வேண்டும். கணுக்களை எண்ணி வைத்துக்கொண்டால் அதுவே அளவுகோல். இறங்குமிடத்தில் ஒரு கணு, நாலு முழம் தள்ளி இரண்டு கணு என்று சீராகப் போகும். திட்டை நெருங்கும்போது அந்தக் கணக்கு திடீரென்று கைவிடலாம். திட்டுக்கு மண் எங்கிருந்து வந்தது என்று யோசித்தால் காரணம் புரியும்: இதே ஏரியின் தரையிலிருந்து. மேட்டுக்குப் பக்கத்தில் பள்ளம் இருப்பதில் வியப்பில்லை. கழியை ஊன்றி உடனே உருவிப் பாருங்கள். ‘பொளக்’ என்று வந்துவிட்டால் தரை கெட்டி. விடாமல் பிடித்து இழுத்தால் சேறு. அங்கே பரிசல் தட்டினாலும் காலை வெளியே வைக்காதீர்கள். நுனியில் ஒட்டி வரும் மண்ணையும் பார்க்கலாம். கருத்த வண்டலாக, அழுகின வாடையோடு வந்தால் கழிவுநீர் கலக்கும் வாய் பக்கத்தில் இருக்கலாம்.

மிதக்கும் தெர்மகோல் துண்டுகள், மூடி இறுகிய பிளாஸ்டிக் பாட்டில்கள் எல்லாம் குப்பை என்று நினைக்க வேண்டாம். வரிசையாக நின்றால் அடியில் வலை.

கடைசியில் பறவைகள். பைனாகுலரில் ஒவ்வொரு திட்டாகப் பாருங்கள். நீர்க்காகம் சிறகை விரித்துக் காய வைத்துக்கொண்டிருந்தால் பிரச்சினை இல்லை, சற்றுத் தள்ளிப் போகலாம். மரத்தில் குச்சிக்கூடு தெரிந்தாலோ, கொக்கு வாயில் குச்சியோடு வந்தாலோ அந்தத் திட்டை அன்றைய வழியிலிருந்து எடுத்துவிடுகிறேன். எத்தனை அடி தள்ளியிருக்க வேண்டும் என்று கேட்கிறார்கள். பறவை கழுத்தை நிமிர்த்தினால் அதுவே எல்லை. எழுந்து பறந்துவிட்டால் நீங்கள் எல்லையைத் தாண்டி வெகு நேரமாகிவிட்டது.

இவ்வளவும் பார்க்க ஒன்றரை மணி நேரம் ஆகும். போன ஞாயிறு எல்லாம் பார்த்து முடித்தபோது சுண்ணாம்புக்கோடு மூன்று விரல் மூழ்கியிருந்தது, கலங்கலில் நீர் வழிந்தது, நான் இறங்குமிடத்தை ஆகாயத்தாமரை அடைத்திருந்தது. உயிர்காப்புச் சட்டையைக் கழற்றி வண்டியில் வைத்துவிட்டுத் தேநீர் குடிக்கப் போனேன். கழியை மட்டும் கையோடு எடுத்துக்கொண்டேன். கரையில் விட்டால் யாராவது தூண்டிலுக்கு வெட்டிவிடுவார்கள்.