ரெஃபரன்ஸ் லிஸ்ட்ல உங்க பேர் எது?

புழல் ஏரித் தண்ணியைச் சோதிச்சு ஒரு ஆய்வுக் கட்டுரை எழுதிட்டீங்க. அனுப்பப் போனா, ஜர்னல் 'லாஸ்ட் நேம்' கேட்குது. நம்மள்ல பல பேருக்கு அப்படி ஒண்ணே கிடையாது, இனிஷியல்தான். அங்க அப்பா பேரைப் போட்டா? கே. திவ்யாவோட அப்பா குமார்னா, மேற்கோள் காட்டுறவங்க எல்லாரும் 'குமார் டி'ன்னுதான் எழுதுவாங்க. அடுத்த கட்டுரை 'திவ்யா கே'ன்னு வந்தா, தேடுற மென்பொருளுக்கு அது வேற ஆள். வேலைக்கு விண்ணப்பிக்கிறப்போ மேற்கோள் கணக்குல பாதி காணாமப் போகும்.

1928ல 'நேச்சர்' இதழ்ல சி.வி. ராமனும் கே.எஸ். கிருஷ்ணனும் எழுதின கட்டுரையைப் பாருங்க. வான்கூவர் முறைல 'ராமன் சிவி, கிருஷ்ணன் கேஎஸ்'. ஏபிஏ முறைன்னா கமாவும் புள்ளியும் கூடும். கிருஷ்ணன்ங்கிறது அவரோட சொந்தப் பேர், ஆனா குடும்பப் பேர் இடத்துல ஜம்முனு உட்கார்ந்திருக்கு. நாமளும் அதையே செய்யலாம்: கடைசிக் கட்டத்துல நம்ம பேர், முதல் கட்டத்துல இனிஷியல்.

கமா, புள்ளியெல்லாம் ஸோட்டீரோ மாதிரி இலவச மென்பொருளே பார்த்துக்கும். பேரை எங்க பிரிக்கணும்னு நாமதான் சொல்லணும். முதல் கட்டுரைக்கு முன்னாடியே 'ஆர்கிட்' எண் வாங்கிடுங்க. 16 இலக்கம், காசு கிடையாது. ஏற்கனவே ரெண்டு பேர்ல கட்டுரை வந்திருந்தா, ரெண்டையும் அந்த எண்ணுக்குக் கீழ சேர்த்துக்கலாம்.