நீந்துவோரின் களைப்பும் இளைப்பாறலும்

நீந்தற் போட்டிகளுக்குப் பயிலும் மாணவரிடையே இன்று பெருவழக்காக உள்ளது இடைவேளைப் பயிற்சி. நெடுந்தூரத்தை ஓய்வின்றி நீந்தாது, 50 மீற்றரோ 100 மீற்றரோ விரைந்து நீந்திச் சிறிது ஓய்ந்து, மீண்டும் அவ்வாறே பன்முறை நீந்துதல் இதன் முறையாகும். கீரிமலைக் கேணியிலும் கடலிலும் கை சோரும்வரை நீந்திப் பழகிய பழைய மாணவருக்கு இது விந்தையாகத் தோன்றக்கூடும். "நீந்த வந்த பிள்ளை நிமிடத்துக்கொரு முறை சுவரைப் பிடித்துக்கொண்டு நிற்பதேன்?" எனத் தந்தையார் ஒருவர் என்னை வினவியதுண்டு. அவ்வினாவுக்கு அன்று நான் கூறிய விடை அரைகுறையானது. இம்மலரின் வாயிலாக அதனை நிறைவு செய்ய முயல்கின்றேன்.

இளைப்பு, களைப்பு, சோர்வு என மூன்று சொற்கள் நம் மொழியில் உள. பேச்சு வழக்கில் ஒன்றற்கொன்று மாற்றி வழங்குகின்றோமாயினும், நீந்துவோனைப் பொறுத்தவரை மூன்றனையும் மூன்று நிலைகளுக்கு உரியனவாக வைத்துக்கொள்ளல் நலம். மூச்சு வாங்குவது இளைப்பு. அது நிமிடக் கணக்கில் ஆறும். கைகால்கள் வலுவிழந்து போவது களைப்பு. அது ஆறுதற்கு ஓர் இரவும் பகலுமாயினும் வேண்டும். பல நாட் களைப்பு ஆறாது திரண்டு நிற்பது சோர்வு. அது நீங்கக் கிழமைகள் செல்லும். இவற்றைப் பிரித்தறியாமையே பயிற்றுவோர் செய்யும் பிழைகளுட் பெரும்பாலனவற்றுக்கு மூலம் என்பது என் துணிபு.

இப்பயிற்சி முறை ஓட்டப் பந்தயக்காரரிடமிருந்து நீந்துவோர்க்கு வந்தது. 1930களில் ஜேர்மனியிலே கேர்ஷ்லர் என்னும் பயிற்சியாளரும் ரைண்டல் என்னும் இதய வைத்தியரும் இதனை ஒழுங்குபடுத்தினர். நாடித் துடிப்பு நிமிடத்துக்கு 180 அளவுக்கு உயரும்வரை ஓடச் செய்வர். பின்னர் 120 அளவுக்கு இறங்கும்வரை ஓய்வளிப்பர். அவ்வாறு இறங்குதற்கு ஒன்றரை நிமிடத்துக்கு மேற் செல்லுமாயின், ஓடுவோனைக் குறை கூறார். ஓட்டம் அவனுக்கு மிகையாயிற்று என்று அதனைக் குறைப்பர். இதயம் வலுப்பெறுவது ஓய்வு வேளையிலேயே என்பது ரைண்டலின் கொள்கை. பின்வந்த ஆராய்ச்சியாளர் அதனை முற்றாக ஏற்றுக்கொண்டாரல்லர். ஆயினும் பயன் கண்கூடு. கேர்ஷ்லரின் மாணாக்கர் ஹார்பிக் 1939 இல் மிலான் நகரில் 800 மீற்றரை 1 நிமிடம் 46.6 செக்கனில் ஓடி நாட்டிய உலக சாதனை, 1955 வரை முறியடிக்கப்படவில்லை.

இனி, தசையினுள் நிகழ்வதைச் சிறிது நோக்குவோம். விரைந்து நீந்தத் தொடங்கியவுடன் தசைக்கு உதவுவது அதனுள்ளேயே இருக்கும் கிரியேற்றீன் பொசுபேற்று என்னும் பொருள். அது முழு வேகத்தில் ஏறத்தாழப் பத்துச் செக்கன்களுக்கே ஈடுகொடுக்கும். அதன்பின் தசையிற் சேமித்துள்ள கிளைக்கோசன் என்னும் மாப்பொருள் விரைந்து சிதைகின்றது. போதிய ஒட்சிசன் வந்து சேருமுன்னரே சிதைதலால் இலற்றிக்கமிலம் தோன்றுகின்றது. களைப்புக்கும் மறுநாள் உடல் நோவுக்கும் அவ்வமிலமே காரணமென நாம் நெடுங்காலம் கற்பித்து வந்தோம். அது திருத்தப்படவேண்டிய பாடம். அதன் பெரும்பகுதியை இதயமும் ஏனைய தசைகளும் எரிபொருளாகவே பயன்படுத்துகின்றன என்பதும், தசையின் சுருக்கத்தைத் தடை செய்வனவற்றுள் அங்கே திரளும் பொசுபேற்றுக்கும் பெரும் பங்குண்டு என்பதும் இன்று தெளிவு. மறுநாள் நோவோ, பழகாத வேலையால் தசை நார்களில் ஏற்படும் நுண்ணிய சிதைவால் வருவது.

சுவரைப் பிடித்து நிற்கும் வேளையில் இவை சீர்ப்படத் தொடங்குகின்றன. கிரியேற்றீன் பொசுபேற்றிற் பாதியளவு ஏறத்தாழ அரை நிமிடத்தில் மீளும். முழுவதும் மீள மூன்று முதல் ஐந்து நிமிடம் வேண்டும். ஆகவே ஓய்வின் நீளத்தை மாற்றினாற் பயிற்சியே மாறிவிடுகின்றது. பத்துப் பதினைந்து செக்கன் ஓய்வுடன் நடுத்தர வேகத்தில் நீந்துவது நெடுந்தூரத்துக்குரிய தாங்கும் ஆற்றலை வளர்க்கும். முழு வேகத்தைப் பயில விரும்புபவனோ ஒவ்வொரு முறையும் சில நிமிடம் ஓய்ந்தே தீரவேண்டும்.

இதனை நான் நூலிற் படித்திருந்தும் தடாகக் கரையில் மறந்தேன். சில ஆண்டுகளுக்கு முன், நீந்தற் குழுவுக்கு ஆசிரியர் ஒருவரும் கிடையாமையால் அப்பொறுப்பு தமிழாசிரியனாகிய என் தலையில் விழுந்தது. பத்து முறை 50 மீற்றர். நிமிடத்துக்கொரு முறை ஊதல் ஊதுவேன். எல்லாரும் ஒருங்கே புறப்படவேண்டும். மூத்த மாணவர் 38 செக்கனில் வந்து 22 செக்கன் இளைப்பாறினர். பதின்மூன்று வயதினன் ஒருவன் 50 செக்கனில் வந்தான். அவனுக்குக் கிடைத்தது பத்துச் செக்கன். நான்காம் முறை 54 ஆயிற்று. ஓய்வு ஆறு செக்கன். ஏழாம் முறை அவன் கை சுவரைத் தொடவும் என் ஊதல் ஒலிக்கவும் சரியாயிருந்தது. "சேர், மூச்சு வரேல்லை" என்றான். மனவுறுதியில்லாதவன் என எல்லார் முன்னிலையிலும் அவனைக் கடிந்தேன். அன்றிரவு, குறித்து வைத்த நேரங்களை எடுத்துக் கூட்டிப் பார்த்தபோதுதான், வலியவனுக்கு நீண்ட ஓய்வும் மெலியவனுக்குக் குறுகிய ஓய்வும் என் ஊதலே பகிர்ந்தளித்தமை விளங்கிற்று. இருவரும் செய்தது ஒரே பயிற்சியன்று; இளையவன் செய்தது கடினமானது. மறுநாள் இதனை அவனிடமே சொன்னேன். பின்னர் ஒவ்வொருவனும் சுவரைத் தொட்டதிலிருந்து 30 செக்கன் எண்ணிப் புறப்படுமாறு ஒழுங்கு செய்தேன். அவனுடைய பத்தாம் முறை, முதன் முறையிலும் மூன்று செக்கனே பிந்தியது.

கடிகாரத்துடன் நாடியையும் பார்த்தல் வேண்டும். கழுத்தில் விரல் வைத்துப் பத்துச் செக்கன் எண்ணி ஆறாற் பெருக்குக. நீரிற் கிடந்த நிலையில் இதயம் தரையிலும் சற்றுக் குறைவாகவே துடிக்குமாதலின், ஓட்டக்காரருக்குரிய எண்களை அப்படியே கொள்ளலாகாது. பயிற்சி முடிந்ததும் கரையேறிக் குந்தியிருப்பதினும், பத்து நிமிடம் மெல்ல நீந்துதல் இரத்தத்திலுள்ள இலற்றிக்கமிலத்தை விரைவில் அகற்றும்.

களைப்புக்கு மருந்து சோறும் நித்திரையும். வற்றிய கிளைக்கோசன் நிரம்பப் பெரும்பாலும் ஒரு நாட் செல்லும். பயிற்சி முடிந்த ஓரிரு மணி நேரத்துள் உண்பவனுக்கு அது விரைவில் நிரம்பும். பசியோடு நேரே ரியூசனுக்கு ஓடும் பிள்ளைகளின் பெற்றார் இதனைக் கருத்திற் கொள்வாராக. நீரிலிருப்பவனுக்கும் வியர்க்கும்; வியர்வை தெரிவதில்லையாதலால் அவன் தண்ணீர் குடிக்க மறக்கின்றான்.

சோர்வே மூன்றினுள்ளும் கொடியது. காலையிற் படுக்கையை விட்டெழுமுன் நாடி வழக்கத்திலும் உயர்ந்திருத்தல், நித்திரை குழம்புதல், காரணமின்றிச் சினத்தல், உழைக்க உழைக்க நேரம் பின்னடைதல் என்பன அதன் குறிகள். இதனை நீந்துவோரிடத்து முதன்முதல் நுணுகி ஆராய்ந்தோருள், சிட்னிப் பல்கலைக்கழகப் பேராசிரியர் பிராங்க் கொற்றனும் அவருடைய மாணாக்கர் போர்ப்ஸ் கார்லைலும் குறிப்பிடத்தக்கோர். போட்டிக்கு முன் பயிற்சியைப் படிப்படியாகக் குறைக்கும் முறையை 1940களின் இறுதியில் வகுத்தவர் அவர்களே. 1972 இல் மியூனிக் ஒலிம்பிக்கிற் பதினைந்து வயதில் மூன்று தங்கப் பதக்கங்கள் வென்ற ஷேன் கூல்ட் கார்லைலிடம் பயின்றவர். கடைசி இரண்டு கிழமைகளில் நீந்தும் தூரத்தைப் பாதியளவாகக் குறைக்கலாம், வேகத்தைக் குறைக்கலாகாது. இதனால் நேரம் நூற்றுக்கு இரண்டு மூன்று பங்கு குறைவது வழக்கம். 100 மீற்றரை 60 செக்கனில் நீந்துவோனுக்கு அது ஒரு செக்கனுக்கு மேல். நம் பிள்ளைகளோ போட்டிக்கு முதல்நாள்தான் அதிகம் நீந்துகின்றனர்!

ஒன்றை மட்டும் கண்டிப்பாகச் சொல்லவேண்டும். இடைவேளையில் வேண்டுமென்றே வேக வேகமாக மூச்செடுத்துவிட்டு, நீருக்கடியில் மூச்சடக்கி எத்தனை தூரம் செல்லலாமென மாணவர் பந்தயம் பிடிப்பதுண்டு. அவ்வாறு மூச்செடுத்தலால் இரத்தத்தில் ஒட்சிசன் மிகுவதில்லை, காபனீரொட்சைட்டே குறைகின்றது. மூச்செடு என மூளையைத் தூண்டுவது அவ்வாயுவாதலின், தூண்டுதல் பிந்துகின்றது. அதற்கிடையில் ஒட்சிசன் தீர்ந்து, எவ்வித முன்னறிகுறியுமின்றி நினைவு தவறும். நன்றாக நீந்தத் தெரிந்தவர்களே இவ்வாறு இறக்கின்றனர். சுவரருகே நின்று ஆறும் இளைப்பு தானாகவே ஆறட்டும். அவ்வேளை தலை நீருக்கு மேலேயே இருக்கவேண்டும். கரையில் ஒருவர் பார்த்துக்கொண்டு நிற்கவேண்டும்.