ஆழ்துளைக் கிணறும் எண்ணெய்ப் பங்கும்

அரக்கோணத்திலிருந்து திருத்தணிக்குப் போகும் வழியில், வயல் ஓரமாக ஆழ்துளைக் கிணறு போடும் வண்டி நிற்பதை நீங்கள் பார்த்திருக்கலாம். வண்டி வருவதற்கு முன்பே ஒருவர் உள்ளங்கையில் தேங்காயை வைத்துக்கொண்டு வயலைச் சுற்றி வந்திருப்பார். தேங்காய் எழுந்து நின்ற இடத்தில் குறி போட்டிருப்பார். தேங்காயை நம்பாதவர்கள், நிலத்தில் மின்சாரம் செலுத்திப் பார்க்கும் கருவியுடன் நிலவியல் அறிந்தவரை அழைத்திருப்பார்கள். பிறகு அடிக்கு இவ்வளவு ரூபாய் என்று கூலி பேசித் துளையிடத் தொடங்குவார்கள். 300 அடி, 400 அடி என்று போகும். சில வேளை நீர் பீறிட்டு வரும். சில வேளை புழுதி மட்டுமே வரும். புழுதி வந்தாலும் கூலி கொடுத்துத்தான் ஆக வேண்டும்.

அதே அரக்கோணத்திலிருந்து தினமும் ஏராளமானோர் மின்ரயிலில் சென்னைக்கு வேலைக்குப் போகிறார்கள். அவர்களில் சிலர் வழிநெடுகக் கைப்பேசியில் பங்கு விலைகளைப் பார்த்துக்கொண்டு போகிறார்கள். "இந்த எண்ணெய்க் கம்பெனி கடலில் துளை போடுகிறதாம். கிடைத்துவிட்டால் பத்து மடங்கு!" என்று ஒருவர் சொல்ல, பக்கத்தில் இருப்பவர் தம் சேமிப்பில் ஒரு பகுதியை அதில் போடுகிறார். தம் வயலில் 300 அடி துளைக்கப் பத்து நாள் யோசிக்கும் குடும்பத்தைச் சேர்ந்தவர், கடலுக்கடியில் பல ஆயிரம் அடி துளைக்கும் கிணற்றுக்குப் பத்து நிமிடத்தில் பணம் கொடுத்துவிடுகிறார். அவர் வாங்கியது எண்ணெயையா? எண்ணெய் இருக்கலாம் என்ற மதிப்பீட்டையா? இந்த வேறுபாட்டைப் புரிந்துகொள்ளச் சிறிது நிலவியலும் சிறிது கணக்கும் போதும்.

எண்ணெய் எங்கே இருக்கும்?

பூமிக்கடியில் எண்ணெய் ஏரிபோல் தேங்கி நிற்கிறது என்று பலர் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. பஞ்சு தண்ணீரை ஏந்தி நிற்பதுபோல், மணற்பாறையின் நுண்துளைகளில் எண்ணெயும் எரிவாயுவும் தங்கியுள்ளன. ஓரிடத்தில் அவை சேர்வதற்கு நான்கு நிபந்தனைகள் நிறைவேற வேண்டும். முதலாவது, பண்டைக்கால உயிர்ப்பொருள்கள் மக்கி, வெப்பத்தில் வெந்து எண்ணெயாக மாறிய தாய்ப்பாறை வேண்டும். இரண்டாவது, அதை ஏந்திக்கொள்ள நுண்துளைகள் உள்ள தேக்கப்பாறை வேண்டும். மூன்றாவது, மேலே கசிந்து போகாமல் தடுக்க மூடிபோன்ற களிப்பாறை வேண்டும். நான்காவது, எண்ணெய் ஒதுங்கி நிற்கக் கவிழ்த்த கிண்ணம்போன்ற அமைப்பு வேண்டும்.

துளையிடுவதற்கு முன் இவற்றை அறிய அதிர்வலை ஆய்வு செய்கிறார்கள். நிலத்தில் வெடி வைத்தோ, கனமான அதிர்வு வண்டிகளைக் கொண்டோ அலைகளை எழுப்புகிறார்கள். கடலில் அழுத்தமேற்றிய காற்றைத் திடீரென வெளிவிடுகிறார்கள். அலைகள் பாறை அடுக்குகளில் பட்டு எதிரொலித்துத் திரும்பும் நேரத்தை அளந்து, அடுக்குகளின் வடிவத்தை வரைகிறார்கள். கிண்ணம் இருக்கிறதா என்பதை இந்தப் படம் பெரும்பாலும் காட்டிவிடும். கிண்ணத்தில் இருப்பது எண்ணெயா, எரிவாயுவா, உப்புநீரா என்பதை உறுதியாகச் சொல்லாது. அதைச் சொல்வது துளை ஒன்றே.

இப்போது ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். நான்கு நிபந்தனைகளில் ஒவ்வொன்றும் நிறைவேற 100க்கு 70 வாய்ப்பு என்று கொள்வோம். கேட்பதற்கு நல்ல வாய்ப்பாகவே இருக்கிறது. ஆனால் நான்கும் ஒருசேர நிறைவேறினால்தான் பயன். 0.7ஐ நான்கு முறை பெருக்கினால் 0.24 வருகிறது. அதாவது நான்கு கிணறுகளில் மூன்று வறண்டு போகும். திறமையான நிலவியலார், நல்ல கருவி, நேர்மையான நிறுவனம் எல்லாம் இருந்தும் இதுதான் நிலை.

ஒரு கிணறும் இருபது கிணறும்

நான்கில் ஒன்று கிடைத்தாலும் எண்ணெய் நிறுவனங்கள் எப்படிப் பிழைக்கின்றன? பல கிணறுகள் தோண்டுவதால் பிழைக்கின்றன. மேற்சொன்ன வாய்ப்பின்படி ஒரே ஒரு கிணறு தோண்டும் நிறுவனம் தோற்க 100க்கு 76 வாய்ப்பு உண்டு. நான்கு கிணறு தோண்டினால் எல்லாமே வறண்டு போகும் வாய்ப்பு ஏறக்குறைய 33. பத்துக் கிணறு என்றால் 6. இருபது கிணறு என்றால் அரைக்கும் குறைவு. பெரிய நிறுவனத்துக்குத் துரப்பணம் ஒரு தொழில். ஒரே கிணற்றை நம்பியிருக்கும் சிறிய நிறுவனத்துக்கு அது பகடை. அந்தச் சிறிய நிறுவனத்தின் பங்குதான் "பத்து மடங்கு" என்ற ஆசையைக் காட்டும்.

விலையையும் கணக்கிடலாம். கிணறு வெற்றியானால் பங்கு 40 ரூபாய் பெறும், தோற்றால் ஒன்றும் பெறாது என்று வைத்துக்கொள்ளுங்கள். வெற்றி வாய்ப்பு நான்கில் ஒன்று. ஆகவே துளைப்பதற்கு முன் அந்தப் பங்கின் நியாயமான விலை 10 ரூபாய். வதந்தி பரவி அது 20 ரூபாய்க்கு ஏறிவிட்டது என்றால், வாங்குபவர் 10 ரூபாய்ப் பொருளுக்கு 20 கொடுக்கிறார். எண்ணெய் கிடைத்து அவர் லாபம் பெறக்கூடும். அதனால் அவர் செய்தது சரியான வாணிபம் ஆகிவிடாது. இதே விலையில் இதே ஆட்டத்தைப் பலமுறை ஆடினால் போட்ட பணத்தில் பாதி போய்விடும். கிணற்றின் வாய்ப்பு எவ்வளவு என்பதோடு, விலையில் ஏற்கெனவே எவ்வளவு நம்பிக்கை ஏறியிருக்கிறது என்பதையும் பார்க்க வேண்டும்.

கண்டுபிடித்த பிறகும் ஐயம்

கிணற்றில் எரிவாயு வந்துவிட்டது, செய்தித்தாளிலும் வந்துவிட்டது. இனி அச்சமில்லை என்று நினைக்கிறோம். அங்கேதான் இரண்டாவது கண்டம் இருக்கிறது. நமது கரையோரத்திலேயே இதற்குச் சான்று உண்டு.

புதுச்சேரிக்குத் தெற்கே, காவிரிப் படுகையின் கடற்பகுதியில் பி.ஒய்.-1 என்ற எரிவாயு வயல் உள்ளது. இதை 1980இல் எண்ணெய் மற்றும் இயற்கை எரிவாயு ஆணையம் கண்டறிந்தது. பின்னர் இது 1983இல் தொடங்கப்பட்ட தனியார் நிறுவனமான இந்துஸ்தான் ஆயில் எக்ஸ்புளோரேஷன் கம்பெனியின் கைக்கு வந்தது. இந்த வயலில் ஒரு விந்தை உண்டு. இங்கே எரிவாயு மணற்பாறையில் தங்கியிருக்கவில்லை. அடித்தளக் கருங்கல் பாறையின் வெடிப்புகளில் தங்கியிருக்கிறது. பாறைப் பூமியில் ஆழ்துளைக் கிணற்று நீர் வெடிப்புகளில் ஓடுவது போன்றதே இது. ஒரு வெடிப்பு எவ்வளவு தூரம் போகிறது, மற்றொன்றோடு இணைகிறதா என்பது மேலிருந்து தெரியாது. முதல் மாதம் பீறிட்ட ஆழ்துளைக் கிணறு ஆறாம் மாதம் இருமத் தொடங்குவதைப் பார்த்தவர்களுக்கு இது எளிதில் விளங்கும்.

பி.ஒய்.-1 வயலிலிருந்து 2009 நவம்பரில் எரிவாயு வரத் தொடங்கியது. எதிர்பார்ப்பில் பங்கின் விலை உயர்ந்திருந்தது. ஆனால் உற்பத்தி விரைவாகக் குறைந்தது. வயலின் இருப்பு மதிப்பீட்டை வெகுவாகக் குறைக்க வேண்டியதாயிற்று. சில ஆண்டுகளில் பங்கு தன் உச்ச விலையின் சிறு பகுதியாகச் சுருங்கியது. நிறுவனம் அழிந்துவிடவில்லை. அசாமில் அதற்குப் பங்குள்ள டிரோக் வயல் 2017இல் எரிவாயு தரத் தொடங்கியதும் மீண்டும் நிமிர்ந்தது. ஆனால் உச்சத்தில் கடன் வாங்கிப் பங்கு வாங்கியவருக்கு அதுவரை காத்திருக்க இயன்றிருக்குமா?

இன்னும் பெரிய சான்று ஆந்திரக் கடற்பகுதியில் நடந்தது. கிருஷ்ணா-கோதாவரிப் படுகையின் ஆழ்கடலில், கே.ஜி.-டி6 பகுதியில், 2002இல் ரிலையன்ஸ் நிறுவனம் எரிவாயுவைக் கண்டது. அதில் கனடாவின் நைக்கோ ரிசோர்சஸ் நிறுவனத்துக்கு 10 சதவீதப் பங்கு இருந்தது. அங்குள்ள இரண்டு முக்கிய வயல்களில் எடுக்கக்கூடிய இருப்பு சுமார் 10 லட்சம் கோடி கன அடி என்று 2006இல் மதிப்பிட்டார்கள். நாளொன்றுக்கு 8 கோடி கன மீட்டர் எடுப்பது திட்டம். 2009 ஏப்ரலில் உற்பத்தி தொடங்கியது. 2010இல் அது 6 கோடியைத் தாண்டியது. பிறகு ஏறவில்லை, இறங்கத் தொடங்கியது. தேக்கப்பாறையின் அழுத்தம் எதிர்பார்த்ததைவிட விரைவாகக் குறைந்தது. கிணறுகளில் நீரும் மணலும் புகுந்தன. 2014இல் உற்பத்தி ஒன்றரைக் கோடிக்கும் கீழே போயிற்று. இருப்பு மதிப்பீடு ஏறக்குறைய 3 லட்சம் கோடி கன அடியாகக் குறைக்கப்பட்டது. திட்டமிட்ட எண்ணிக்கையில் கிணறுகள் தோண்டாததே காரணம் என்று அரசு கூறியது. பாறையின் இயல்பே காரணம் என்று நிறுவனம் கூறியது. முதல் இரண்டு வயல்களும் 2020 பிப்ரவரியில் மூடப்பட்டன. அதே பகுதியின் வேறு வயல்களிலிருந்து அவ்வாண்டு டிசம்பரில் மீண்டும் எரிவாயு வந்தது.

ஒரே வயல், ஆனால் பங்குதாரர்களின் கதி வேறு வேறு. ரிலையன்சுக்குச் சுத்திகரிப்பு ஆலையும் வேறு தொழில்களும் இருந்தன. அதன் பங்குதாரர் இந்த அடியைத் தாங்கிக்கொண்டார். நைக்கோ சிறிய நிறுவனம். 2010 வாக்கில் 100 கனடிய டாலருக்கு மேல் விற்ற அதன் பங்கு, 2015இல் ஒரு டாலரும் பெறவில்லை. இந்தோனேசியக் கடலில் அது தோண்டிய கிணறுகளும் கை கொடுக்கவில்லை.

மூன்று எண்களில் எது?

இவ்வளவு பெரிய வேறுபாடு ஏமாற்றினால்தான் வர வேண்டும் என்பதில்லை. நிலவியலார் மதிப்பீட்டைப் பொதுவாக மூன்று எண்களாகத் தருவார்கள். குறைந்தது இவ்வளவாவது இருக்க 100க்கு 90 வாய்ப்பு என்பது ஒன்று. இதற்கு மேல் இருக்கவும் குறைவாக இருக்கவும் சம வாய்ப்பு என்பது மற்றொன்று. இவ்வளவு இருக்க 100க்கு 10 வாய்ப்பே உண்டு என்பது மூன்றாவது. தலைப்புச் செய்தியில் இடம்பிடிப்பது பெரும்பாலும் பெரிய எண்ணே.

சொற்களிலும் கவனம் வேண்டும். பூமிக்கடியில் இருக்கும் மொத்த அளவு வேறு. அதில் கருவிகளால் எடுக்கக்கூடிய அளவு வேறு. செலவு போக லாபத்துடன் எடுக்கக்கூடிய இருப்பு வேறு. எண்ணெய் வயல்களில் மொத்த அளவில் மூன்றில் ஒரு பங்கு வெளியே வந்தாலே நல்ல பலன் என்பார்கள். "இவ்வளவு கோடி பீப்பாய் கண்டுபிடிப்பு" என்று படிக்கும்போது, இம்மூன்றில் எதைச் சொல்கிறார்கள் என்று கேளுங்கள்.

வென்ற கதையும் உண்டு. ராஜஸ்தானின் பார்மர் பாலைவனத்தில் ஷெல் நிறுவனம் விலகிக்கொண்ட பிறகும் கெய்ர்ன் நிறுவனம் தேடலைத் தொடர்ந்து, 2004 ஜனவரியில் மங்களா எண்ணெய் வயலைக் கண்டது. ஆனால் கெய்ர்ன் இந்தியாவின் பங்கு நம் ஊர் முதலீட்டாளருக்கு 160 ரூபாய்க்கு வந்தது 2006 டிசம்பரில்தான். கண்டுபிடிப்பின் பெரும் லாபத்தை அதற்கு முன்பே இங்கிலாந்தில் அதன் தாய் நிறுவனப் பங்கை வைத்திருந்தவர்கள் பெற்றுவிட்டார்கள். 2007 ஜனவரியில் சந்தைக்கு வந்த நாளில் விலை 160க்கும் கீழே இருந்தது. பொறுத்திருந்தவர்களுக்குப் பின்னாளில் அது இரட்டிப்புக்கும் மேல் ஆனது. செய்தி நம்மிடம் வரும்போது விலை அதை முன்பே அறிந்திருக்கும் என்பதற்கு இது எடுத்துக்காட்டு.

ஆகவே அடுத்த முறை ரயிலில் யாராவது துளை போடும் கம்பெனியைப் பற்றிச் சொன்னால், சில கேள்விகள் கேளுங்கள். அது எத்தனை கிணறுகள் தோண்டுகிறது? தோற்றால் அடுத்த கிணற்றுக்குப் பணம் இருக்கிறதா, அல்லது புதுப் பங்கு விற்றுத்தான் திரட்ட வேண்டுமா? வேறு வருமானம் உண்டா? சொல்லும் எண் மூன்றில் எது? இன்றைய விலையில் எவ்வளவு நம்பிக்கை ஏறியிருக்கிறது? விடை கிடைக்காவிட்டால், முழுவதும் போனாலும் வீட்டுச் செலவைத் தொடாத தொகைக்கு மேல் போடாதீர்கள்.

நம் ஊர் விவசாயி ஆழ்துளைக் கிணறு போடும்போது முதல் துளையிலேயே நிலம் முழுவதையும் அடகு வைப்பதில்லை. இரண்டாம் துளைக்குக் கொஞ்சம் பணம் ஒதுக்கி வைக்கிறார். 400 அடியில் நிறுத்துவதா, இன்னும் 50 அடி போவதா என்பதை வண்டிக்காரர் சொல்வதை மட்டும் கேட்டு முடிவு செய்வதில்லை. ஒவ்வோர் அடிக்கும் வண்டிக்காரருக்குக் கூலி உண்டு என்பது அவருக்குத் தெரியும். பங்கு வாங்கும்போதும் விற்கும்போதும் தரகருக்குக் கூலி உண்டு என்பதை நாமும் நினைவில் வைத்துக்கொள்வோம்.