கூட்டுப் பட்டமும் இரட்டைப் பட்டமும்

மாணவன் ஒருவன் ஒரு பல்கலைக்கழகத்திற் சேர்ந்து, அங்கேயே கற்றுத் தேறி, அதன் பெயராற் பட்டம் பெறுதலே நாம் நெடுங்காலமாக அறிந்த வழக்கம். ஐரோப்பாவிலோ இன்று வேறொரு முறையும் வேரூன்றியுள்ளது. இரண்டு அல்லது மூன்று நாடுகளின் பல்கலைக்கழகங்கள் ஒன்றுகூடி ஒரே பாடநெறியை வகுத்து, மாணவரை ஓரிடத்திலிருந்து மற்றோரிடத்திற்கு அனுப்பிக் கற்பிக்கின்றன. அவ்வாறு கற்றோர் பெறுவது கூட்டுப் பட்டமாகவோ இரட்டைப் பட்டமாகவோ அமையும். இவ்விரண்டையும் ஒன்றெனக் கொண்டு மயங்குவார் பலராதலின், அவற்றின் இயல்பை ஈண்டு விளக்குவாம்.

பங்குகொண்ட பல்கலைக்கழகங்கள் சேர்ந்து ஒரே சான்றிதழை வழங்கின் அது கூட்டுப் பட்டம். தத்தம் பெயரிலே தனித்தனிச் சான்றிதழ் வழங்கின் அது இரட்டைப் பட்டம். இவ்வேறுபாட்டிற்குச் சட்டமும் ஒரு காரணமாகும். பிறநாட்டுப் பல்கலைக்கழகத்துடன் ஒரே பத்திரத்திற் கையொப்பமிடப் பல நாடுகளின் சட்டங்கள் முன்னர் இடங்கொடுக்கவில்லை. ஆகவே, பத்திரத்தை இரண்டாக்குதல் எளிய வழியாயிற்று.

இம்முறை ஒருநாளில் முளைத்ததன்று. 1987 இல் ‘எராஸ்மஸ்’ என்னும் மாணவர் பரிமாற்றத் திட்டம் தொடங்கியது. 1989 இல் ‘கிரெடிட்’ எனப்படும் மதிப்பலகு முறை புகுத்தப்பட்டது. 1997 இல், ஒரு நாட்டின் தகைமையை மற்றொரு நாடு ஏற்றற்குரிய உடன்படிக்கை லிஸ்பன் நகரிற் கைச்சாத்தாயிற்று. 1999 இல் 29 நாடுகள் பொலோனா நகரிற் கூடி, தம் பட்டங்களை ஒத்த அமைப்பினவாக்க இசைந்தன. 2004 இல் ‘எராஸ்மஸ் முண்டஸ்’ முதுமாணி நெறிகள் தொடங்கின. அவற்றின் புலமைப்பரிசில்கட்கு நம் நாட்டவர் உட்பட எந்நாட்டவரும் விண்ணப்பிக்கலாம்.

இரட்டைப் பட்டத்தை ஒரு கல்லில் இரு மாங்காய் என்பாருமுளர். அது பொருந்தாது. ஐரோப்பிய முறைப்படி ஓராண்டு முழுநேரக் கல்விக்கு 60 மதிப்பலகுகள். அதற்கு மாணவன் 1,500 முதல் 1,800 மணி நேரம் வரை உழைத்தல் வேண்டும். ஈராண்டு நெறியாயின் 120 மதிப்பலகுகள். சான்றிதழ் ஒன்றாயினும் இரண்டாயினும் அதன் பின்னுள்ள உழைப்பு அந்த ஒரு நெறிக்குரியதே. இரண்டு பத்திரங்கள் இரண்டு மடங்கு கல்வியாகா. இதனை மறைத்து இரு தகைமை உடையேன் என்பது நேர்மையன்று.

ஆயின் இம்முறையின் பயன் யாது? 1870 இற்கும் 1945 இற்கும் இடையில் மும்முறை போர் புரிந்த நாடுகள் பிரான்சும் ஜேர்மனியும். அவையே 1997 இல் வைமார் நகரிற் செய்த உடன்படிக்கையால் பிராங்கோ-ஜேர்மன் பல்கலைக்கழகத்தை நிறுவின. அதன் தலைமையகம் சார்புருக்கனில் உள்ளது. கற்பித்தலோ இரு நாடுகளிலுமுள்ள உறுப்புக் கல்விக்கூடங்களிலேயே நிகழ்கின்றது. அங்குக் கற்போர் இரு நாடுகளிலும் வாழ்ந்து, இரு நாட்டுப் பட்டங்களையும் பெறுகின்றனர். ஒருவர் நடத்திய பரீட்சையை மற்றவர் ஐயமின்றி ஏற்கும் நம்பிக்கையே அப்பட்டங்களின் உண்மையான பெறுமதி.

இத்தகைய நெறிகளை நாடும் நம் மாணவர், புறப்படுமுன் மூன்றினை எழுத்து மூலம் கேட்டறிதல் நன்று: பட்டத்தை வழங்குவோர் யாவர்? சான்றிதழ் ஒன்றா, பலவா? அதனை நம் பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவும் தொழில் தருவோரும் ஏற்பரா? பொருளையும் இளமையையும் செலவிட்டுப் பெற்ற பட்டம் தாய்நாட்டில் ஏற்கப்படாதொழியின் அவ்விழப்பை ஈடுசெய்தல் அரிது. கேட்டுத் தெளிந்து செல்வோர்க்கோ, இரு நாட்டு ஆசிரியரிடம் ஒரு கல்வியைப் பயிலும் பேறு வாய்க்கும்.