மாப்பிள்ளை பிரெஞ்சு பிரஜை! பெண்ணுக்கு பாஸ்போர்ட் எப்போது?

விழுப்புரம், திண்டிவனம் வட்டாரத்தில் கல்யாணப் பேச்சு நடக்கும்போது, "மாப்பிள்ளை பாண்டிச்சேரி, பிரெஞ்சு நேஷனாலிட்டி" என்று ஒரு வார்த்தை விழுந்தால் போதும். பெண் வீட்டார் நிமிர்ந்து உட்காருவார்கள். "தாலி ஏறினா பாஸ்போர்ட்டும் வந்துடும்" என்று தரகர் அடித்துச் சொல்வார்.

வராது! ஒரு காலத்தில் வந்தது என்பது மட்டும் உண்மை.

பழைய கதை

புதுச்சேரி சட்டப்படி இந்தியாவுடன் இணைந்தது 1962 ஆகஸ்டு 16-ந்தேதி. பிரெஞ்சுப் பிரஜையாகவே இருக்க விரும்பியவர்கள் 6 மாதத்துக்குள் எழுதிக் கொடுத்தார்கள். ‘சொல்தா’க்கள் குடும்பங்களும் அதில் உண்டு. அவர்களுடைய பேரப் பிள்ளைகள்தான் இன்றைய மாப்பிள்ளைகளில் பலர்.

அப்போது பிரெஞ்சுக்காரரைக் கட்டிய பெண், கல்யாணத்தன்றே பிரெஞ்சுப் பிரஜை ஆகிவிடுவார். 1973-ல் வந்த சட்டம் அதை மாற்றியது. இப்போது ஆணோ, பெண்ணோ, மனுப் போட்டுத்தான் வாங்க வேண்டும்.

4 வருஷமா, 5 வருஷமா?

கல்யாணமாகி 4 வருஷம் சேர்ந்து வாழ்ந்த பிறகே மனுப் போடலாம். பிரான்சில் தொடர்ந்து 3 வருஷம் இருந்தவர்களுக்கு இந்தக் கணக்கு.

விழுப்புரத்திலேயே குடித்தனம் நடத்துகிறவர்கள் கதி? அவர்களுக்கும் வழி இருக்கிறது. வெளிநாட்டில் வாழும் பிரெஞ்சுக்காரர்களுக்கென்று தூதரகத்தில் ஒரு பதிவேடு உண்டு. சேர்ந்து வாழ்ந்த காலத்தில் கணவர் பெயர் அதில் இருந்தால், அதே 4 வருஷம்தான். பெயர் இல்லாவிட்டால் 5 வருஷம்! பதிவுக்குக் கட்டணம் கிடையாது. ஆனால் காலாவதி ஆகிவிடும், புதுப்பிக்க வேண்டும். இந்த அலட்சியத்துக்குத்தான் ஒரு வருஷம் தண்டனை.

நம்மூர் சார்பதிவாளர் கொடுத்த கல்யாணச் சான்று மட்டும் போதாது. பிரெஞ்சுப் பதிவேட்டிலும் கல்யாணம் ஏற வேண்டும். பிரெஞ்சு பேசவும், எழுதவும் தெரிய வேண்டும். 2026 ஜனவரி முதல் இந்த மொழித் தகுதியை இன்னும் உயர்த்திவிட்டார்கள்.

கார்டும் போகும்!

பிரான்சுக்குப் போய் 10 வருஷக் குடியிருப்பு கார்டு வாங்கிய மனைவிமாரும் உண்டு. மாமியாருக்கு உடம்பு சரியில்லை என்று ஊருக்கு வந்து, தொடர்ந்து 3 வருஷத்துக்கு மேல் தங்கிவிட்டால் கார்டு செல்லாது. "வீட்டுக்காரர்தான் பிரஜையாச்சே" என்பதெல்லாம் எடுபடாது.

நிலம் வாங்க முடியாது

இன்னொரு பக்கமும் இருக்கிறது. இந்தியச் சட்டத்தில் இரட்டைக் குடியுரிமை இல்லை. பிரெஞ்சுப் பிரஜை ஆன அன்றே இந்தியக் குடியுரிமை போய்விடும். இந்திய பாஸ்போர்ட்டை ஒப்படைத்துவிட வேண்டும். பிறகு ஓ.சி.ஐ. கார்டு வாங்கினால் ஊரிலேயே காலமெல்லாம் இருக்கலாம். ஆனால் ஓட்டு கிடையாது. நஞ்சை, புஞ்சை விலைக்கு வாங்க முடியாது. அப்பன் சொத்து வாரிசாக வந்தால் தடையில்லை.

திண்டிவனத்தில் பிறந்து, மல்லாட்டைக் கொல்லையில் வளர்ந்த பெண், பக்கத்துக் கொல்லை விலைக்கு வந்தாலும் வாங்க முடியாது. யோசிக்க வேண்டிய விஷயம்!

வேண்டாம் என்று சொல்லவில்லை. சம்மதம் சொல்வதற்கு முன் மாப்பிள்ளையிடம் ஒரு கேள்வி கேளுங்கள்: "தூதரகத்திலே பதிவு இருக்கா, தம்பி?" முகூர்த்தத்துக்கு நாள் குறிக்கும்போதே, அதற்கும் ஒரு நாள் குறித்துவிடுவது நல்லது.