பெரிய காருக்குச் சின்ன வீடு

பழைய அமெரிக்கக் காரை ஓட்டுவதைவிட நிறுத்துவது கடினம். காரையும் வெட்டக் கூடாது, வீட்டையும் இடிக்கக் கூடாது என்றால் என்ன செய்வது? கொச்சி ஜூ டவுன் போன்ற தெருக்களில் பதில் சென்டிமீட்டர் கணக்கில்தான் கிடைக்கும்.

மட்டாஞ்சேரி அரண்மனையைத் தாண்டி ஜூ டவுனுக்குள் நுழைந்ததும் முதலில் வந்து மோதுவது வாசனை. சுக்கு, மிளகு, ஏலக்காய். அடுத்ததாகப் புரிவது இட நெருக்கடி. தெருவின் இருபுறமும் ஒன்றோடொன்று தோளொட்டி நிற்கும் வீடுகள். கீழே கடை அல்லது கிடங்கு, மேலே குடியிருப்பு. வாசற்படி இறங்கினால் தெரு. முன்தோட்டம் கிடையாது, போர்ட்டிகோ கிடையாது. சந்தின் கோடியில் 1568-ல் எழுந்த பரதேசி யூத ஆலயமும் 1760-ல் அதனுடன் சேர்ந்த மணிக்கூண்டும் நின்று, இதற்கு மேல் வழியில்லை என்கின்றன. வேடிக்கை பார்க்க வருபவர்கள் வண்டியை வெளியே விட்டுவிட்டு நடந்துதான் வருகிறார்கள்.

இந்தத் தெருவில் ஒரு வீட்டுக்குள் 1960களின் செவர்லே இம்பாலாவை நிறுத்த முடியுமா?

கற்பனைக் கேள்விதான். ஆனால் இதன் சற்றே சுலபமான வடிவங்களைச் சென்னையிலும் கோவையிலும் மதுரையிலும் பல குடும்பங்கள் சந்திக்கின்றன. தாத்தா வாங்கிய கார். அன்று பங்களா இருந்தது. வாசலில் போர்ட்டிகோ, பக்கத்தில் கார் ஷெட், அதற்குள் டிரைவருக்கு ஒரு கயிற்றுக் கட்டில். பிறகு பாகப் பிரிவினை. பங்களா இருந்த இடத்தில் அடுக்குமாடி. பேரனுக்கு வந்து சேர்ந்தது இரண்டு படுக்கையறை, ஒரு கார் நிற்குமிடம், தாத்தாவின் கார். இவற்றில் கடைசி இரண்டும் ஒன்றுக்கொன்று பொருந்தவில்லை.

கணக்கைப் பார்த்தால் காரணம் புரியும். மாருதி 800-ன் நீளம் சுமார் 3.3 மீட்டர். பழைய பியட் ஏறக்குறைய 3.9 மீட்டர். அம்பாசடர் 4.3 மீட்டர். இம்பாலாவோ 5.3 மீட்டர், அகலம் மட்டுமே ஏறத்தாழ 2 மீட்டர். இன்று ஒரு காருக்கு ஒதுக்கப்படும் இடம் பரவலாக 5 மீட்டருக்கு 2.5 மீட்டர். அதில் இம்பாலாவை நுழைத்தால் 30 சென்டிமீட்டர் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். பக்கங்களில் மிஞ்சுவது மொத்தமே அரை மீட்டர். இடது பக்கம் சுவரை ஒட்டி 10 சென்டிமீட்டரில் நிறுத்தினாலும் வலது பக்கம் கிடைப்பது 40 சென்டிமீட்டர். இரண்டு கதவு மாடல்களில் கதவே ஒரு மீட்டருக்கு மேல் நீளம். காரை உள்ளே கொண்டுபோய்விடலாம், ஓட்டியவர் வெளியே வருவதுதான் கஷ்டம்.

இத்தனை பெரிய கார்கள் ஏன் இங்கே வந்தன? ஒரு காலத்தில் இங்கேயே அவற்றைப் பூட்டினார்கள். ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனம் பம்பாய் சிவ்ரியில் 1928 முதல் 1954 வரை செவர்லே கார்களைப் பொருத்தி விற்றது. உதிரிபாகங்களை இறக்குமதி செய்து பொருத்துவது மட்டும் போதாது, இந்தியாவிலேயே தயாரிக்க வேண்டும் என்று அரசு கறாராகச் சொன்னதும் ஜெனரல் மோட்டார்ஸும் ஃபோர்டும் நடையைக் கட்டின. சாலை அம்பாசடர், பியட், ஸ்டாண்டர்டு கைக்குப் போனது. அதன் பிறகு பெரிய கார் என்பது அரிதாக வந்து சேரும் அதிசயம். வெளிநாட்டுக் கார் என்றாலே பலருக்கு இம்பாலா என்றுதான் வாயில் வந்தது. அந்த மயக்கம் இன்னும் தீரவில்லை என்பதால்தான் பேரனுக்கும் விற்க மனம் வருவதில்லை.

இடப் பிரச்சினை நமக்கு மட்டும் உரியதல்ல. அமெரிக்காவில் 1920களில் கட்டிய வீட்டு ஷெட்டுகள் ஃபோர்டு மாடல் டி காலத்தவை. அந்தக் காரின் நீளம் 3.4 மீட்டர்தான். போருக்குப் பிறகு கார்கள் 5 மீட்டரைத் தாண்டியபோது ஷெட்டின் கதவு மூட மறுத்தது. பலர் எதிர்ச்சுவரில் பானட் உயரத்துக்கு ஓட்டை போட்டு, அதற்கு வெளியே ஒரு பெட்டி போலக் கட்டிக் காரின் மூக்கை அதற்குள் விட்டார்கள். ஜப்பான் இன்னும் முன்யோசனைக்காரர்களின் நாடு. காரை நிறுத்த இடம் இருக்கிறது என்று நிரூபித்த பிறகே பதிவு செய்யலாம் என்று 1962-லேயே சட்டம் போட்டார்கள். அங்கே 3.4 மீட்டருக்கு மிகாத குட்டிக் கார்கள் பெருகியதற்கு இடநெருக்கடியும் ஒரு காரணம்.

நம் ஊரில் அந்தக் கேள்வியைக் கேட்கும் வேலையைப் பெரும்பாலும் சுவர்தான் செய்கிறது. அது கேட்பதற்கு முன் நாமே கேட்டுக்கொள்வது நல்லது. அளக்க வேண்டியவை ஐந்து. பம்பரோடு சேர்த்துக் காரின் நீளம். கண்ணாடிகளோடு சேர்த்து அகலம். ஷட்டர் முழுவதும் ஏறிய பின் கிடைக்கும் உயரம். ஓட்டுநர் கதவு திறக்கத் தேவையான இடம். கடைசியாக, பலரும் மறந்துபோவது: தெருவிலிருந்து ஷெட்டுக்குள் திரும்ப எவ்வளவு இடம் வேண்டும் என்பது. அம்பாசடர் ஒரு முழு வட்டம் அடிக்கச் சுமார் 11 மீட்டர் கேட்கும். இம்பாலா 12 மீட்டருக்குக் குறையாமல் கேட்கும். ஷெட் போதுமானதாக இருந்தும் தெரு போதாததால் தோற்றவர்கள் உண்டு.

அளந்த பிறகு தரையில் சாக்பீஸால் காரின் உருவத்தை வரைந்து பார்ப்பது செலவில்லாத பரிசோதனை. இம்பாலாவுக்கு முன்னால் 30 சென்டிமீட்டர், பின்னால் ஆள் நடக்க 60, இடது பக்கம் 30, கதவு பக்கம் 90 என்று விட்டால் 6.2 மீட்டருக்கு 3.2 மீட்டர் வேண்டும். ஏறக்குறைய ஒரு நடுத்தரக் குடும்பத்தின் ஹால். கார் வைத்திருப்பவர் கொடுக்கும் உண்மையான விலை அதுதான்.

அவ்வளவு இடம் இல்லாதவர்களுக்கும் சில உபாயங்கள் இருக்கின்றன. உள்ளே வருவதற்கு முன்பே மற்றவர்களை இறக்கிவிட்டு, இடது பக்கச் சுவரை உரசாத குறையாக நிறுத்துவது முதல் உபாயம். தரையில் ஒரு மரக்கட்டையைப் பதித்துவிட்டால் டயர் அதில் முட்டியதும் நிறுத்திவிடலாம். சுவரில் பழைய டயரை மாட்டி வைப்பது இரண்டாவது காப்பு. மாடிப்படிக்கு அடியில் வெற்றிடம் இருந்தால் காரின் மூக்கை அங்கே விடலாம். நம் வீடுகளில் அமெரிக்கப் பெட்டிக்கு மாற்று அதுதான். குறுக்கே நகர்த்த வேண்டுமானால், சிறு உருளைச் சக்கரங்கள் பொருத்திய நான்கு பலகைகளை, ஜாக்கியால் ஒவ்வொரு டயராகத் தூக்கி அடியில் வைத்து, காரைப் பக்கவாட்டில் தள்ளலாம். ஒவ்வொரு பலகையும் 400 கிலோவுக்கு மேல் தாங்க வேண்டும். தரை சமமாக இருக்க வேண்டும். டயர் தரையைத் தொடாததால் பிரேக் பிடித்துப் பயனில்லை. சரிவான தரையில் இந்த வித்தையைக் காட்டினால் கார் தானே தெருவுக்குப் போய்விடும்.

இன்னொரு வம்பு வாசல் சரிவு. மழைநீர் ஏறாமலிருக்க வீட்டுத் தரையைத் தெருவைவிட உயர்த்திக் கட்டுகிறோம். பின்சக்கரத்துக்கு அப்பால் நீண்டிருக்கும் இம்பாலாவின் டிக்கி, சரிவில் ஏறும்போது தரையைத் தேய்க்கும். சரிவை நீட்டலாம் என்றால் அது தெருவுக்குள் போகும். தெரு நமக்குச் சொந்தமல்ல.

இவ்வளவும் போதாதபோதுதான் வெட்டும் எண்ணம் வருகிறது. இங்கேதான் சட்டம் குறுக்கே நிற்கிறது. 2021-ல் மத்திய அரசு பழங்கார்களுக்குத் தனிப் பதிவு முறையைக் கொண்டுவந்தது. முதல் பதிவிலிருந்து 50 ஆண்டுகள் தாண்டியிருக்க வேண்டும். சேசிஸ், உடற்கூடு, எஞ்சின் எதிலும் பெரிய மாற்றம் செய்திருக்கக் கூடாது. புதுப் பதிவுக்குக் கட்டணம் 20,000 ரூபாய். 10 ஆண்டுகளுக்குச் செல்லும். கண்காட்சி, பேரணி, பெட்ரோல் போடுதல், பராமரிப்பு போன்ற காரியங்களுக்கு மட்டும் சாலையில் ஓட்டலாம். அன்றாட உபயோகம் கூடாது. ஆக, போல்ட்டைக் கழற்றி பம்பரை எடுத்து வைப்பவர் மறுபடி மாட்டிக்கொள்ளலாம். டிக்கியை அறுப்பவர் காரின் வரலாற்றையே அறுக்கிறார்.

சரி, வீட்டை வெட்டலாமா? அடுக்குமாடியில் தூணைத் தொட முடியாது. ஜூ டவுனில் அதைவிடச் சிக்கல். பக்கத்து வீட்டோடு சேர்ந்த கனத்த சுவர். அதுதான் மாடியைத் தாங்குகிறது. அகலமான வாசலுக்காக அதில் கை வைத்தால் இரண்டு வீடுகளின் கதி கேள்விக்குறி. பாரம்பரியப் பகுதி என்பதால் முகப்பை இஷ்டம்போல மாற்றவும் முடியாது. கார் ஒரு பழம்பொருள், வீடு அதைவிடப் பழம்பொருள். இரண்டில் எது விட்டுக்கொடுத்தாலும் நஷ்டம்.

தெருவிலேயே நிறுத்தி உறை போட்டு மூடிவிட்டால்? கொச்சியில் ஆண்டுக்குச் சுமார் 3,000 மில்லிமீட்டர் மழை. சென்னையைப் போல இரு மடங்கு. காற்றில் கடல் உப்பு. ஈரப்பதம் 60 சதவீதத்தைத் தாண்டினாலே இரும்பு வேகமாகத் துருப்பிடிக்கத் தொடங்கும். இங்கே அது பெரும்பாலான நாட்களில் தாண்டுகிறது. பிளாஸ்டிக் உறை ஈரத்தை உள்ளேயே அடைத்துவைத்துக் காரியத்தைக் கெடுக்கும். காற்று புகும் பருத்தி உறையே மேல். ஷெட்டுக்குள் நிறுத்தினாலும் எதிரெதிர்ச் சுவர்களில் காற்றுவழி வேண்டும். மாதக்கணக்கில் ஓட்டாவிட்டால் பேட்டரியைக் கழற்றி, எடை டயரில் அழுந்தாதபடி காரைத் தாங்கிகளில் ஏற்றி வைக்க வேண்டும். பெட்ரோலும் இப்போது பழைய பெட்ரோல் இல்லை. 2025-ல் நாடெங்கும் வழக்கமாகிவிட்ட 20 சதவீத எத்தனால் கலவை ஈரத்தை இழுக்கும். பழைய ரப்பர் குழாய்களை அரிக்கும். மூடிய ஷெட்டுக்குள் எஞ்சினை ஓடவிட்டுச் சூடேற்றுவதோ உயிரோடு விளையாடுவது. கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது.

ஜூ டவுனின் கேள்விக்கு ஜூ டவுனிலேயே ஒரு விடை இருக்கிறது: கோடவுன். மட்டாஞ்சேரியின் செல்வம் மிளகில் வந்தது. 1957-ல் உருவான மிளகு வர்த்தகர் சங்கமும் இங்கேதான் இருக்கிறது. மூட்டைகளை ஏற்றி இறக்க வாசலை அகலமாக வைத்தார்கள்; பாரம் தாங்கும்படி தரை போட்டார்கள்; சரக்கு பூசணம் பிடிக்காமல் காற்றோட்டம் விட்டார்கள். மிளகுக்கும் இரும்புக்கும் பொது எதிரி ஈரம்தான். மிளகைக் காத்த கிடங்கு காரையும் காக்கும். அந்தக் கோடவுன்கள் பல இன்று பழம்பொருள் கடைகளாகிவிட்டன. 2012-ல் தொடங்கிய கொச்சி பினாலேயின் ஓவியங்களும் சிற்பங்களும் சிலவற்றில் குடியேறின. ஒரு காருக்கு மூலையில் இடம் கொடுப்பது அவற்றுக்குப் பெரிய விஷயமல்ல. வீட்டில் வைத்தே தீர வேண்டும் என்ற பிடிவாதத்தை விட்டுவிட்டால் போதும். அருகில் வாடகைக்கு ஒரு கோடவுன், வாரம் ஒருமுறை போய்ப் பார்க்க மனசு: பல ஊர்களில் பலரின் கார் பிழைத்திருப்பது இப்படித்தான்.

அதுவும் முடியாதவர்களுக்கு அருங்காட்சியகங்கள் இருக்கின்றன. கோவை அவிநாசி சாலையில் ஜி.டி. நாயுடு அறக்கட்டளை 2015-ல் திறந்த கார் அருங்காட்சியகத்தைச் சுற்றி வந்தால், சொந்தக்காரருக்குப் பிறகும் கார் வாழும் என்பது புரியும்.

இஸ்ரேல் பிறந்த பிறகு, 1950களில், கேரளத்தின் யூதர்களில் பெரும்பாலானோர் கிளம்பிப் போனார்கள். எடுத்துப்போகக் கூடியதை எடுத்துக்கொண்டார்கள். கூடாததை விட்டுச் சென்றார்கள். பழைய வீடுகளிலிருந்து வெளியேறிய மர அலமாரிகளும் பெட்டிகளும் உருளிகளும் இன்று ஜூ டவுன் கடைகளில் நிற்கின்றன. ஒரு பொருளைக் காப்பாற்ற ஆசை மட்டும் போதுவதில்லை, அதற்கு ஓர் இடமும் வேண்டும் என்பதை இந்தத் தெரு நன்றாகவே அறியும். தாத்தாவின் காரை வைத்துக்கொள்ள நினைக்கும் பேரன் மெக்கானிக்கைத் தேடுவதற்கு முன், ஒரு டேப்பை எடுத்துக்கொண்டு ஷெட்டுக்குள் போவது நல்லது.